கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள்

"படிச்சவன்தானே, இவனுக்கு எப்படி புத்தி இப்படிப் போச்சு?"

மதக்குழு ஒன்றிலோ, யாரோ ஒரு குருவைச் சுற்றிய வட்டத்திலோ சிக்கி, பணத்தையும் வருடங்களையும் தொலைத்தவரைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி இது. கேட்கும்போதே பதிலையும் நாமே சொல்லிக்கொள்கிறோம்: அவர் ஏமாளி, மனத்திடம் இல்லாதவர், நமக்கெல்லாம் அது நடக்காது. இந்த நினைப்பு தவறு. அதைவிட முக்கியமாக, இந்த நினைப்புதான் அப்படிப்பட்ட குழுக்களுக்குப் பெரிய உதவி செய்கிறது. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், ஆட்கள் எப்படி உள்ளே இழுக்கப்படுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

1995 மார்ச் 20 காலையில் தோக்கியோவின் சுரங்க ரயில்களில் 'ஓம் ஷின்ரிக்யோ' இயக்கத்தினர் சாரின் என்ற நச்சைப் பரப்பினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். ரயில்களுக்குள் அந்த நச்சுப் பொட்டலங்களைக் குத்திக் கிழித்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் இதயநோய் மருத்துவர். நல்ல பல்கலைக்கழகங்களில் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். படிப்புக் குறைவு என்று யாரைச் சொல்ல முடியும்? அந்த இயக்கம் 1984-ல் ஷோகோ அசஹாரா நடத்திய ஒரு சின்ன யோகா வகுப்பாகத்தான் ஆரம்பித்தது. அந்த வகுப்புக்குப் போனவர்கள் உடம்பும் மனசும் கொஞ்சம் சீராகட்டும் என்று போனவர்கள்.

ஜிம் ஜோன்ஸின் 'மக்கள் ஆலயம்' இன்னும் உறுத்தலான கதை. 1950-களின் அமெரிக்காவில், கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் தனித்தனித் தேவாலயங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இண்டியானாபொலிஸ் நகரில் இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த சபை அது. பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டது, முதியோரைப் பராமரித்தது. 1976-ல் சான்பிரான்சிஸ்கோ நகரின் வீட்டுவசதி ஆணையத்தில் ஜோன்ஸுக்குப் பதவி கிடைத்தது. அரசியல்வாதிகள் அவரைத் தேடி வந்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டுக்குள் அவர் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பிலும் அந்நாட்டின் வேறு சில இடங்களிலும் 918 பேர் இறந்தார்கள். அவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகளும் பதின்வயதினரும். அந்தக் காட்டுக்குப் போனவர்களில் பலர் நிறவெறி இல்லாத ஓர் ஊரைத் தங்கள் கையால் கட்டிவிடலாம் என்று நம்பிப் போனவர்கள். அவர்களைப் பிடித்துக்கொள்ள அந்த நல்ல மனமே கைப்பிடியாக இருந்தது.

ஆகவே, 'எப்படிப்பட்டவர் சிக்குகிறார்' என்ற கேள்வியைவிட 'எப்போது சிக்குகிறார்' என்ற கேள்விக்குத்தான் உருப்படியான விடை கிடைக்கும். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத மாதங்கள். புது ஊர். விவாகரத்து. பெற்றோரில் ஒருவரின் சாவு. நீண்ட நோயிலிருந்து எழுந்த சமயம். பழைய வாழ்க்கையின் பிடி விட்டுப்போய், புதியதன் பிடி இன்னும் கிடைக்காத இடைவெளி அது. அந்த இடைவெளியில் யாரும் இளகித்தான் இருப்போம். சமூகவியலாளர்கள் ஜான் லோஃப்லாண்டும் ராட்னி ஸ்டார்க்கும், கொரியாவில் சன் மியூங் மூன் தொடங்கி, அமெரிக்காவில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்த மதக்குழுவான ஒருங்கிணைப்புத் திருச்சபையைக் கவனித்து 1965-ல் எழுதிய ஆய்வில் இதைத்தான் சொன்னார்கள். வாழ்க்கையின் ஒரு திருப்பத்தில் நிற்கும்போது குழுவினரைச் சந்திக்கிறார்கள். அவர்களோடு பாசம் உண்டாகிறது. வெளியே உள்ள உறவுகள் மெலிந்திருக்கின்றன. கொள்கை மெல்ல மெல்லத் தனதாகிறது. முதலில் ஆள், அப்புறம்தான் கொள்கை. தத்துவத்தைப் படித்து, எடைபோட்டு, ஒப்புக்கொண்டு சேருபவர்கள் குறைவு. தத்துவத்தின் ஓட்டைகளை மட்டும் எடுத்துக்காட்டி ஒருவரை வெளியே கொண்டுவர முயல்பவர்கள் தோற்றுப்போவதற்கும் இதுவே காரணம்.

முதல் மாலை எப்படி இருக்கும் என்று என் நண்பன் ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான். அவன் மாட்டியது 'தலைமைப் பண்புப் பயிற்சி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு வட்டம். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வாசலிலேயே பெயரைக் கேட்டு வாங்கிய பெண், அரைமணி நேரம் கழித்து இன்னொருவரிடம் அவனை அறிமுகப்படுத்தும்போது பெயரோடு அவன் சொன்ன ஒரு சின்ன விஷயத்தையும் நினைவு வைத்துச் சொன்னாள். அவன் பேசும்போது யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது எதிரே இருந்தவரின் கண் கலங்கியது. மறுநாள் காலை, "நேத்து நீங்க சொன்னதை ராத்திரி முழுக்க யோசிச்சிட்டிருந்தேன்" என்று ஒரு குறுஞ்செய்தி. "நாலு மாசத்துல என்கிட்ட யாருமே அப்படிக் கேட்கலைடா" என்றான். நாலு மாதமாக அவனுடைய நெருங்கிய நண்பன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இந்த உபசாரத்துக்கு 1970-களிலேயே, ஒருங்கிணைப்புத் திருச்சபையினரே 'அன்புக் குண்டுவீச்சு' என்ற பொருள்படும் ஒரு பெயரைப் புழக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்பு காட்டுபவர்களில் பெரும்பாலோர் நடிப்பதில்லை. அவர்களும் இதே வழியாக வந்தவர்கள். புதிதாக வருபவருக்கு நல்லது செய்கிறோம் என்று மெய்யாகவே நம்புகிறவர்கள். அதனால்தான் அது வேலை செய்கிறது. பொய்ச் சிரிப்பை எவரும் கண்டுபிடித்துவிடலாம். நிஜமான பரிவைப் பார்த்து எப்படிச் சந்தேகப்படுவது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த மனசுக்கு, வாங்கிய அன்பைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது கூசும். அடுத்த வாரம் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

கூப்பிடுவதும் பெரிதாக எதற்கும் அல்ல. ஒரு மணிநேரக் கூட்டம். நாற்காலி எடுத்துப் போட உதவி. பிறகு ஒரு சனி, ஞாயிறு முகாம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை உளவியலாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1966-ல் ஜொனாதன் ஃப்ரீட்மனும் ஸ்காட் ஃப்ரேசரும் வெளியிட்ட ஆய்வு அது. வீட்டு முன்றிலில் 'கவனமாக வாகனம் ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகை ஒன்றை நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்பு, அதே விஷயத்தைச் சொல்லும் கையகலச் சின்ன அட்டை ஒன்றை வைக்கச் சம்மதித்திருந்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். சின்ன அட்டையை வைத்தவர், தன்னை 'இந்த விஷயத்தில் அக்கறை உள்ளவன்' என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பெரிய பலகையை மறுத்தால் அந்த அடையாளத்தை மறுத்ததாகிவிடும். குழுக்களில் நடப்பதும் இதுவே. எந்தப் படியும் தனியாகப் பார்த்தால் பெரியதில்லை. ஏறி வந்த உயரத்தைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் தலை சுற்றும்.

கொடுத்தது எவ்வளவோ, அவ்வளவு பற்றும் வரும். 1959-ல் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் மாணவிகளை ஒரு விவாதக் குழுவில் சேர்ப்பதாகச் சொல்லி, சிலருக்கு மட்டும் கூசவைக்கும் ஒரு நுழைவுச் சோதனை வைத்தார்கள். உள்ளே நடந்த விவாதமோ வேண்டுமென்றே சலிப்பாக அமைக்கப்பட்டது. கடுமையான சோதனையைத் தாண்டி வந்தவர்கள்தான் அந்தச் சலிப்பூட்டும் விவாதத்தை அதிகம் மெச்சினார்கள். இவ்வளவு பட்டுவிட்டு 'இதில் ஒன்றுமில்லை' என்று தன்னிடமே ஒப்புக்கொள்வது கடினம். வீட்டை விற்றுக் கொடுத்தவருக்கும், வேலையை விட்டவருக்கும், பெற்ற பிள்ளையிடம் பேச்சை நிறுத்தியவருக்கும் அது எத்தனை மடங்கு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். தலைவரின் மோசடி அம்பலமான பிறகும் சிலர் முன்னைவிட இறுக்கமாக ஒட்டிக்கொள்வதை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மொழி மாறுவதை நான் மிக முக்கியமான அறிகுறியாக நினைக்கிறேன். சீனாவில் 1950-களில் நடந்த 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற திட்டத்துக்கு ஆளானவர்களை ஹாங்காங்கில் நேர்கண்ட மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், 1961-ல் வெளியிட்ட தன் நூலில் எட்டு அம்சங்களைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று, சொற்களைக் கனமேற்றுவது. சிக்கலான எந்தக் கேள்வியையும் ஒரே சொல்லால் மூடிவிடுவது. கணக்கு வழக்கைக் கேட்டால் 'அது உன் அகங்காரம்'. களைப்பு என்றால் 'எதிர்ப்பு வேலை செய்கிறது'. அம்மா அழுதால் 'பழைய பந்தம் இழுக்கிறது'. சந்தேகம் வந்தால் அது சாத்தானுடையது, அல்லது கர்மவினை, அல்லது எதிர்மறை ஆற்றல். மதமாக இருந்தால் ஒரு பெயர், சுயமுன்னேற்றமாக இருந்தால் வேறு பெயர், அரசியல் வட்டமாக இருந்தால் 'துரோகச் சிந்தனை'. சொல் எதுவாக இருந்தாலும் அதன் வேலை ஒன்றே: கேள்வியில் இருந்த குறை, கேட்டவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் தலைவர் அதைச் சொல்லவே வேண்டாம், கேட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். என் நண்பன் பேச்சிலும் இப்படிச் சில சொற்கள் புகுந்திருந்தன. அவற்றைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

இதோடு நேரமும் போய்விடும். காலை முதல் இரவு வரை கூட்டம், சேவை, வாசிப்பு, ஆள் சேர்ப்பு. தூக்கம் குறைந்து, தனியாக யோசிக்கப் பத்து நிமிடம் கிடைக்காதபோது சந்தேகம் முளைப்பதற்கே இடமில்லை.

ரகசியங்களும் போய்விடும். பாவ அறிக்கை, மனம் திறத்தல், பகிர்வு என்று எந்தப் பெயரில் நடந்தாலும், சொன்னது அடுத்தவர் கையில் தங்குகிறது. அமெரிக்காவில் 1998-ல் நிர்வாகத் திறன் பயிற்சியாகத் தொடங்கிய 'நெக்ஸியம்' அமைப்பில் இது வெளிப்படையான மிரட்டலாகவே ஆனது. அதற்குள் இயங்கிய ரகசியப் பெண்கள் வட்டத்தில் சேர, தங்களைக் கெடுக்கக்கூடிய படங்களையோ வாக்குமூலங்களையோ 'பிணை'யாகக் கொடுக்க வேண்டும். வசதியான, படித்த, பெயர் பெற்ற பெண்கள் கொடுத்தார்கள். பெண்கள் பெண்களுக்காக நடத்தும் உறுதிமொழி வட்டம் என்றுதான் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. உச்சியில் நிறுவனர் கீத் ரனியரி இருந்தது பலருக்குத் தெரியாது. அவர் 2019-ல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2020-ல் 120 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். செல்வாக்குள்ள வட்டங்களுக்குக் கடவுளே தேவையில்லை என்பதற்கு இது சாட்சி. உயர்ந்தவர்களோடு உட்காரும் நாற்காலி போதும். உள்ளே இருப்பவர்கள் பிரபலங்களாகவும் பணக்காரர்களாகவும் இருந்தால், 'இவர்களே நம்பும்போது நான் யார் சந்தேகப்பட' என்ற எண்ணம் தானாக வரும்.

ஜோன்ஸ்டவுனின் கடைசி மணிநேரத்தின் ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. சுமார் 44 நிமிடம். சாக வேண்டும் என்று ஜோன்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து மறுத்துப் பேசுகிறார். கத்தவில்லை. வேறு நாட்டுக்குப் போக முடியாதா என்று கேட்கிறார். உயிர் இருக்கும்வரை நம்பிக்கை உண்டு என்கிறார். இந்தக் குழந்தைகளைப் பார்க்கிறேன், இவர்கள் வாழத் தகுந்தவர்கள் என்கிறார். ஜோன்ஸ் நிதானமாகவே பதில் சொல்கிறார். மில்லரை அடக்கியது கூட்டம். ஜோன்ஸால்தான் நீ இன்று இங்கே நிற்கிறாய் என்கிறது ஒரு குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், கூட வேலை செய்தவர்கள், ஒவ்வொருவராக அவர் பேச்சை அமுக்குகிறார்கள். அவரோடு சேர்ந்து எழுந்து நிற்க இன்னொரு குரல் வரவில்லை.

அந்த இன்னொரு குரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் சோதித்திருந்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. அறையில் மற்ற எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, தவறான பதிலையே சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் உண்மையை விட்டுவிட்டு, நால்வரில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஆனால் அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போவது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆட்களைப் பிடித்துவைக்கும் குழுக்கள் வெளித் தொடர்பை அறுப்பதில் அவ்வளவு குறியாக இருப்பது இதனால்தான். பழைய நண்பன், அண்ணன், அம்மா என்று ஒரு ஆள் போதும், அந்த இரண்டாவது குரலாக ஆகிவிட.

இவ்வளவையும் படித்தபின், இவை எல்லாம் வெல்லவே முடியாத மந்திரம் என்று தோன்றலாம். அப்படி இல்லை. 'மூளைச்சலவை' என்ற சொல் எல்லாவற்றையும் விளக்கிவிடுவது போலத் தோன்றினாலும், பல சமூகவியலாளர்கள் அதை ஏற்பதில்லை. பிரிட்டனில் ஐலீன் பார்க்கர் ஒருங்கிணைப்புத் திருச்சபையின் முகாம்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்ட நூலில் ஒரு விவரம் உண்டு. முகாமுக்குப் போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலானோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே வெளியேறினார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். கூடவே இது ஒரு பொறுப்பையும் தருகிறது: வெளியே வருபவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் வந்து சேர ஓர் இடமும் இருக்க வேண்டும்.

நம்பிக்கையே தவறு என்றோ, கூடி வழிபடுவதே சந்தேகத்துக்குரியது என்றோ நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருந்தவரை ஒரு சபை தாங்கிப் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். உடையும் சடங்கும் கொள்கையும் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அவற்றை வைத்து நான் அளப்பதில்லை. பார்ப்பது சிலவற்றைத்தான். முதல் நாளே தங்கள் உண்மையான பெயரைச் சொன்னார்களா? தலைவரிடம் எல்லோர் முன்னாலும் கணக்குக் கேட்க முடியுமா? விட்டுப் போனவரைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். போனவரும் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லும் நிலை இருந்தால், அங்கே பெரும்பாலும் பயமில்லை.

சட்டம் இங்கே தாமதமாகத்தான் வருகிறது. மனத்தளவில் அடிமைப்பட்ட நிலையில் இருப்பவரின் பலவீனத்தைச் சுரண்டுவதை பிரான்ஸ் 2001-ல் குற்றமாக்கியது. ஜப்பானில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். கொலையாளியின் தாய் ஒருங்கிணைப்புத் திருச்சபைக்குச் சுமார் 10 கோடி யென் வரை கொடுத்துக் குடும்பம் நொடித்துப்போனதாகத் தகவல்கள் வந்தன. அதே டிசம்பரில், பயமுறுத்தி நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. பல குடும்பங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்த விஷயம். ஏன் இவ்வளவு நாள் ஆயிற்று? பெரியவர்கள் தாமாக விரும்பிக் கொடுத்தது, நாம் என்ன செய்ய என்ற எண்ணம் ஒரு பக்கம். ஏமாந்ததைச் சொன்னால் தலைகுனிவு என்று பாதிக்கப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டது இன்னொரு பக்கம்.

அந்தத் தலைகுனிவைப் பற்றித்தான் தொடக்கத்தில் சொன்னேன். உள்ளே இருப்பவர் ஒருநாள் இரவு, எல்லோரும் தூங்கியபின், 'இது சரியில்லை' என்று உணர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பணமில்லை. இத்தனை வருடப் பழக்கமும் அந்தச் சுவருக்குள்தான். வெளியே யார் இருக்கிறார்கள்? 'நான் அப்பவே சொன்னேன்' என்று காத்திருக்கும் குடும்பம். கிண்டல் செய்த நண்பர்கள். உள்பக்கத் தாழ்ப்பாளை அவர் எப்படியோ நீக்கிவிட்டாலும், நாம் வெளியே போட்டுவைத்த தாழ்ப்பாள் இருக்கிறது.

என் நண்பன் மூன்று வருடம் அங்கே இருந்தான். இரண்டாம் வருட முடிவிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வந்துவிடலாம் என்று ஒரு மாலை என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் எடுத்தவுடன் சொன்னது, "என்னடா, உங்க குருஜி இன்னைக்கு லீவு விட்டுட்டாரா?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சும்மாதான் கூப்பிட்டேன் என்று வைத்துவிட்டான். அப்புறம் ஒரு வருடம் கூப்பிடவில்லை. இதை அவன் எனக்குச் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவனுடைய அக்கா மட்டும் வேறு மாதிரி இருந்தாள். மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு செய்தி அனுப்புவாள். அந்த வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வாசல் செடி பூத்தது, குழந்தைக்குப் பல் விழுந்தது, அப்பாவின் பழைய சட்டையை எடுத்து மடித்து வைத்தேன். பெரும்பாலானவற்றுக்கு இவன் பதில் போட்டதில்லை. போட்டதும் அந்த வட்டத்தின் சொற்களில்தான். அதைச் சரிசெய்ய அவள் முயலவில்லை. பணம் கேட்டபோது மட்டும் "உனக்கு வேணும்னா தர்றேன், அவங்களுக்குத் தர மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு, ஒரு பையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது இவன் கூப்பிட்டது அவளைத்தான். என்ன சொல்வது என்று தெரியாமல், "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றிருக்கிறான்.

"எங்க நிக்கிற?" என்று கேட்டாள். சொன்னான்.

"அங்கயே இரு. மாமாவை வண்டியை எடுக்கச் சொல்றேன்."

வரும் வழியில் மூவரும் குழந்தையின் பல்லைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்களாம்.